பக்கவழியில் நிற்கும் மனிதர்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் கேட்டார். ‘வீடியோ விளையாட்டுகளைப் பற்றி, ஐயா’ என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ‘ஓடுவது, சுடுவது, செத்துப் பிழைப்பது. இதில் எழுத என்ன இருக்கிறது?’ என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடுதான் கேட்டார். அன்று எனக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்த பிறகு தோன்றிய விடையையே இங்கே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, படிக்க வேண்டிய நேரத்தில் விளையாடினேன் என்று அச்சில் ஒப்புக்கொள்வதில் ஓர் அச்சமும் உண்டு.

ஓடுவதும் சுடுவதும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பெரிய விளையாட்டுகள் பலவற்றில் வேறொன்றும் இருக்கிறது. கதையை முடிப்பதற்குத் தேவையே இல்லாத காட்சிகள் அவை. ஒரு பாத்திரத்தின் பழைய துயரம், ஒரு வேடிக்கைப் பேச்சு, ஒரு கடிதம் என்று ஏதோ ஒன்று, நேர்வழியைவிட்டு விலகிச் சென்றவனுக்கு மட்டும் கிடைக்கும். விலகாதவனுக்கு அப்படியொன்று இருந்ததாகவே தெரியாது. ஆட்டமும் அவனிடம் சொல்லாது.

இதை விளக்க எங்கள் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாடியில் உள்ள திருவலிதாயம் கோவில் ஞானசம்பந்தர் பாடிய தலம். வியாழக்கிழமைகளிலும் குருப்பெயர்ச்சி நாளிலும் குரு பகவான் சன்னதியில் கூட்டம் நெரியும். வந்தவர்களில் பலர் குருவை வணங்கிவிட்டு, நேரே லூகாஸ் நிறுத்தத்துக்குப் பேருந்து பிடிக்கப் போய்விடுவார்கள். மூலவர் கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் போய் அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். விமானத்தின் பின்புறம் மற்றக் கோவில்களைப் போலச் சதுரமாக இராது. படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது அவ்வமைப்பின் பெயர். திருமணமாகி வந்த நாள் முதல் அந்தக் கோவிலுக்குப் போய்வரும் என் அம்மா, நான் காட்டிய பிறகே அதைக் கவனித்தார். கட்டியவர்கள் அதை ஒளித்து வைக்கவில்லை. நடந்து போய்ப் பார்க்கிறவனுக்காக விட்டு வைத்தார்கள்.

இனி விளையாட்டுக்கு வருவோம். வீடியோ விளையாட்டில் ஒளிந்திருந்த மனிதர்களுள் புகழ்பெற்ற முதல் ஆள் ஒரு கதாபாத்திரம் அல்லர் என்பது வியப்பான செய்தி. அவர் அதை எழுதிய தொழிலாளி!

1980-ல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘அட்வெஞ்சர்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் செய்நிரல் முழுவதும் 4096 பைட்டுகளில் அடங்கிவிடும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவில் அது நூற்றில் ஒரு பங்குகூட இராது. அதன் கதாநாயகன் ஒரு சதுரம். ஆம், முகமும் கையும் காலும் இல்லாத வெறும் சதுரம்! அதை ஒரே ஆளாக எழுதி முடித்தவர் வாரன் ராபினெட் என்பார். அக்காலத்தில் விளையாட்டை ஆக்கியவரின் பெயரை அட்டாரி பெட்டியிலும் போடாது, திரையிலும் காட்டாது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனத்தார் ஆளை இழுத்துக்கொள்வார்கள், அல்லது ஆளே கூடுதல் சம்பளம் கேட்பார் என்ற கவலை. இந்தக் குறையினால் நால்வர் வெளியேறி 1979-ல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனம் தொடங்கியது தனிக்கதை.

ராபினெட் சண்டை போடவில்லை. கருப்புக் கோட்டைக்குள் இருக்கும் இருண்ட சுழல்வழியில், ஓர் அடைபட்ட அறையில், ஒரே ஒரு புள்ளியை வைத்தார். பின்னணி நிறமும் புள்ளியின் நிறமும் ஒன்றே; கண்ணுக்குத் தெரியாது. பாலத்தைக் கொண்டு அந்த அறைக்குள் புகுந்து, தட்டுத்தடுமாறி அந்தப் புள்ளியை எடுத்து, நெடுந்தூரம் சுமந்துவந்து, தங்கக் கோட்டைக்குக் கீழுள்ள கூடத்தின் ஓரத்துக்குக் கொண்டு சென்றால், அங்கே வேறு பொருள்களும் இருக்கும்பட்சத்தில், சுவர் வழிவிடும். உள்ளே ஓர் அறை. அதில் நிறம் மாறி மாறி ஒளிரும் எழுத்துகளில் ‘ஆக்கியவர் வாரன் ராபினெட்’ என்ற பொருள்பட ஒரு வரி. அவ்வளவுதான். புதையல் இல்லை, வாளும் இல்லை. அவர் இதை நிறுவனத்தில் எவரிடமும் சொல்லவில்லை. ஸால்ட் லேக் நகரத்துப் பையன் ஒருவன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியபோதுதான் அட்டாரிக்கே தெரிந்தது. அதற்குள் அவர் வேலையைவிட்டுப் போயிருந்தார். நிறுவனத்தார், ஈஸ்டர் பண்டிகையில் குழந்தைகள் தேடி எடுக்கும் முட்டையைப் போல இது இருக்கிறது என்று சொல்லி, இனி எல்லா விளையாட்டிலும் வைக்கலாம் என்று முடிவு செய்தார்களாம். ‘ஈஸ்டர் முட்டை’ என்ற பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு வெளிநாட்டுக் கதையாகவே தோன்றவில்லை. 1964-ல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்தவர்கள் நாங்கள். பெயர் போடாமல் பொருள் செய்வது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. என் அப்பா அங்கே ஒரு சிறு பட்டறையின் டூல் ரூமில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்தப் பட்டறை மூடிய பிறகு முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலுக்குப் போகிறார்.

அட்வெஞ்சருக்குப் பின் சதுரங்களுக்கு முகம் வந்தது; முகத்துக்குப் பின் மனம் வந்தது. 1997-ல் ஜப்பானில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ இதில் ஒரு மைல்கல் எனலாம். அதில் வின்சென்ட் என்றொருவன். நிபல்ஹைம் என்னும் சிற்றூரின் பழைய மாளிகையில், நிலவறைக்குள், சவப்பெட்டியில் உறங்கிக் கிடக்கிறான். இரும்புப் பெட்டகத்தின் எண்களைத் துப்புத் துலக்கித் திறந்து, அதிலிருந்து வரும் அரக்கனை வென்று, சாவியை எடுத்தால்தான் அவனை எழுப்பலாம். எழுப்பாமலே கதையை முடித்தவர்கள் எத்தனையோ பேர். எழுப்பியவர்களுக்கும் அவனுடைய சோகம் முழுதும் தெரியாது. பிற்பாடு ஓர் அருவிக்குப் பின்னால் மறைந்திருக்கும் குகைக்கு அவனை அழைத்துப் போனால்தான், அவன் யாரை நினைத்துத் தன்னைத் தானே சிறையிட்டுக்கொண்டான் என்பது விளங்கும்.

இதைவிடப் பெரியது ஒன்று அதே மாளிகையில் இருக்கிறது. அக்கதையின் நாயகன் கிளவுட், தன் நினைவுகளைத் தொலைத்தவன். தன்னுடையது என்று அவன் சொல்லிவந்த வீரவரலாறு உண்மையில் ஸாக் என்ற அவன் நண்பனுடையது என்பது நேர்வழிக் கதையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்த ஸாக் எப்படி இறந்தான்? கிளவுட் எந்நேரமும் சுமக்கும் அந்தப் பெரிய வாள் அவன் கைக்கு எப்படி வந்தது? மனம் தெளிந்த கிளவுட்டை மீண்டும் அந்த நிலவறைக்கு அழைத்துச் சென்றால்தான் அக்காட்சி விரியும். நோயுற்றுப் பேச்சற்றுக் கிடக்கும் நண்பனை இழுத்துக்கொண்டு ஸாக் தப்பி ஓடுகிறான். போகிற வழியெல்லாம் பதிலே சொல்லாதவனிடம் எதிர்காலத் திட்டங்களைப் பேசிக்கொண்டே வருகிறான். ஊர் தெரியும் தூரத்தில் சுடப்பட்டுச் சாகிறான். கதையின் உயிர்நாடி இது! இதைப்போய், யாரும் திரும்பிப் போகக் காரணமே இல்லாத ஒரு நிலவறையில் வைத்திருக்கிறார்கள். முதலில் வந்த ஜப்பானியப் பதிப்பில் இக்காட்சி இல்லை; பிறகுதான் சேர்த்தார்கள். பத்தாண்டு கழித்து, 2007-ல், ஸாக்கின் கதைக்கென்றே தனி விளையாட்டு வந்தது.

நான் இவ்விளையாட்டைக் கைப்பேசியில் ஆடினேன். பேருந்திலும், வகுப்பு தொடங்குமுன்னும், அம்மா உறங்கிய பின்னுமாக ஆடி முடித்துவிட்டேன் என்று பெருமையும் பேசினேன். ‘ஸாக் செத்ததைப் பார்த்தாயா?’ என்று ஒரு நண்பன் கேட்டபோது விழித்தேன். சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டம் ஒன்றைத் திறந்து, பறக்கும் கப்பலைத் திருப்பி, அந்த மாளிகைக்குப் போனேன். முடித்துவிட்டதாக நினைத்த ஒன்றுக்குத் திரும்பிப் போவதில் ஒரு வெட்கம் இருக்கத்தான் செய்கிறது.

இக்காட்சிகள் எவ்வாறு இயங்குகின்றன என்று நிரல் எழுதிப் பழகாத நண்பர்கள் கேட்கலாம். கருத்தளவில் எளியது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நினைவகத்தில் ஒரு சிறு இடம். நடந்திருந்தால் அதில் 1, இல்லையேல் 0. விளையாடுபவன் ஓர் இடத்தின் எல்லைக்குள் காலடி வைக்கும்போது கணிப்பொறி சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. இன்னார் உடன் வந்திருக்கிறாரா? முன்னைய நிகழ்ச்சி நடந்துவிட்டதா? இத்தனை நொடி நின்றானா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் காட்சி ஓடும். நிபந்தனையை எழுத ஒரு நாள் போதும். அதற்கு முன்னால்தான் உழைப்பெல்லாம். ஒருவர் வசனம் எழுத வேண்டும், நடிகர் குரல் கொடுக்க வேண்டும், ஓவியர் முகத்தை அசைக்க வேண்டும். அதைப் பெரும்பாலோர் பார்க்காமலே போய்விடுவார்கள் என்று தெரிந்தே இத்தனையும் செய்ய வேண்டும். கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு இது வீண்செலவாகத்தான் தோன்றும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘இங்கே போ’ என்று சொல்லாமல் போகவைக்க வேண்டும். இருட்டில் ஓர் ஒளிக்கீற்று, எங்கிருந்தோ ஒரு பாட்டு, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு பொருள், இவையே அழைப்பிதழ்கள். 2013-ல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டில் ஆற்றங்கரையில் ஒரு படகு ஒதுங்கிக் கிடக்கும். ஏறிப் பார்த்தால் இஷ் என்பவனின் குறிப்பு. கொள்ளைநோயால் உலகம் அழிந்தபின் தனியே கடலில் இருந்தவன், தனிமை தாளாமல் கரைக்கு வந்திருக்கிறான். அடுத்து வரும் பாதாளச் சாக்கடைக்குள் அவன் எழுதியவையும் மற்றவர்கள் எழுதியவையும் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். அங்கே அவன் குடும்பங்களைச் சேர்த்து, மழைநீர் பிடித்து, குழந்தைகளுக்குப் பள்ளிகூட நடத்தியிருக்கிறான். ஒருநாள் ஒரு கதவு திறந்து கிடந்துவிட்டது. அதன் விளைவை ஓர் அறையின் தரையில் நாம் காண்கிறோம். அதை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை. இஷ்ஷின் முகத்தை விளையாட்டு முழுவதிலும் ஒருமுறைகூட நாம் பார்ப்பதில்லை. ஆனால் அவனை மறக்கவும் முடிவதில்லை.

இவ்விளையாட்டை நான் ஆடியது ஒரு கேமிங் சென்டரில். மணிக்கு 80 ரூபாய். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வரும் காசு. அங்கே ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. எல்லி என்ற சிறுமி ஒரு நகைச்சுவைப் புத்தகம் வைத்திருக்கிறாள். நாம் அவசரப்படாமல் அருகில் நின்றால், அதிலிருந்து அசட்டுத்தனமான துணுக்குகளைப் படித்துக் காட்டுவாள். பின்னொரு இடத்தில், இடிந்த கட்டடத்தின் மேலிருந்து ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் ஒன்றை அவளும் அவளைக் கூட்டிச் செல்லும் ஜோயலும் பார்க்கிறார்கள். எவ்வளவு நேரம் நின்றாலும் ஆட்டம் பொறுத்திருக்கும். நாமாகப் புறப்படும்வரை அவர்கள் நிற்பார்கள். ஆனால் என் தலைக்கு மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ‘தம்பி, பத்து நிமிஷந்தான் இருக்கு’ என்று கடைக்காரர் குரல் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கிய நேரத்தில் ஒன்றுமே செய்யாமல் நிற்பது எனக்குப் புதிய அனுபவம். நின்றேன். நிமிடத்துக்கு ஒரு ரூபாய் முப்பத்து மூன்று காசு வீதம், ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்தேன். இன்றுவரை வருத்தமில்லை.

மறைத்து வைத்ததெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 2009-ல் வந்த ‘அஸாஸின்ஸ் கிரீட் 2’ நல்ல கருத்தொன்றைக் கையில் எடுத்துக் கோட்டைவிட்டது. நாயகன் எட்ஸியோவின் சின்னத் தம்பி கழுகு இறகுகளைச் சேர்த்து வந்தவன். அவனும் தந்தையும் அண்ணனும் தூக்கிலிடப்பட, தாய் பேச்சிழந்து போகிறாள். நகரங்களின் கூரைகளில் சிதறிக் கிடக்கும் 100 இறகுகளையும் எட்ஸியோ சேர்த்து அவள் அறைப் பெட்டியில் இட்டால் அவள் மீண்டும் பேசுகிறாள். கேட்க எவ்வளவு உருக்கமாக இருக்கிறது! ஆனால் முப்பதாவது இறகுக்கு மேல் எனக்குத் தம்பியின் நினைவு வரவில்லை. இன்னும் எத்தனை பாக்கி என்ற கணக்குத்தான் வந்தது. கடைசியில் பரிசாக ஒரு மேலங்கி வேறு. அதை அணிந்தால் ஊர்க் காவலர்கள் எல்லாரும் துரத்துவார்கள்! பத்து இறகுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் தம்பியைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்கலாம். இதற்கு மாறாக, 2018-ன் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ விளையாட்டில் எண்ணிக்கையே இல்லாத ஒன்று உண்டு. முரடனான ஆர்தர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறான். நாம் வழியில் நின்று பார்த்த விலங்கையும் இடத்தையும் அவன் அதில் வரைந்து வைத்திருப்பான். அதைத் திறந்து பார்க்காதவனுக்கு அந்தக் கொள்ளைக்காரன் படம் வரைவான் என்பதே தெரியாது.

நம் நாட்டிலும் இது தொடங்கிவிட்டது. புனே நகரத்து இளைஞர்கள் 2020-ல் வெளியிட்ட ‘ராஜி’ விளையாட்டில், தம்பியைத் தேடிப் போகும் பெண் சுவரோவியங்களின் முன் நின்றால், துர்க்கையும் திருமாலும் அவற்றின் கதையைப் பேசிக்கொள்வார்கள்.

தமிழர்க்கு இன்னும் நெருக்கமானது ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வு பெற்றது. 1988-ல் கனடாவில் குடியேறியிருக்கும் வெண்பாவும் பாவலனும், அவர்கள் மகன் கவினும்தான் பாத்திரங்கள். சுற்றித் திரிய அதில் காடு மலை இல்லை. பெரும்பாலும் ஒரு சமையலறை. தேடல் முழுவதும் ஒரு நோட்டுக்குள் நடக்கிறது. வெண்பாவின் தாய் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பது அழிந்துவிட்டது. நாமே யோசித்து அடுக்க வேண்டும். பாரிஸிலும் டோக்கியோவிலும் இருப்பவர்கள் அந்தப் புதிருக்குத் தலையைச் சொறிந்திருப்பார்கள். நான் என் அம்மாவிடம் கேட்டேன். அவர் திரையைப் பார்க்காமலே விடை சொன்னார்! அந்த நோட்டை எழுதிய தாயை நாம் அறிவது பெரும்பாலும் அந்த விடுபட்ட வரிகளின் வழியாகத்தான். சமையல் செய்து முடிப்பது ஆட்டம். அவளைத் தெரிந்துகொள்வது ஆட்டத்துக்குள் இருக்கும் இன்னோர் ஆட்டம்.

பேராசிரியர் கேட்ட கேள்விக்கு நான் தேடிய விடை இதுவே. மறைந்த அறையில் பொற்காசு இருந்தால் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறோம். மனிதன் இருந்தால் நிற்கிறோம். இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்த நாள்களில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா இரவுக் காவல் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ‘என்னடா எழுதற?’ என்றார். ராபினெட் கதையைச் சொன்னேன். அப்பா கை கழுவாமல் கேட்டார். முடிந்ததும், ‘அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?’ என்றார்.

‘இல்லப்பா, அதுக்கு முன்னாடி அவரே போயிட்டார்.’

‘கெட்டிக்காரன்’ என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, ‘நானும் போட்டிருக்கேன்’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்பா விளக்கினார். டூல் ரூமில் அவர் செய்தவை ட்ரில் ஜிக்குகள். ஒரே மாதிரியான ஆயிரம் பாகங்களில் ஒரே இடத்தில் ஓட்டை விழ வேண்டும் என்றால், பாகத்தை இறுக்கிப் பிடித்து, ட்ரில் போக வேண்டிய வழியைக் காட்ட ஓர் அச்சுச் சட்டம் வேண்டும். அதுதான் ஜிக். வெளியே தெரிகிற பக்கத்தில் கம்பெனி எண்ணைப் பஞ்ச் அடிக்க வேண்டும். அடியில் நான்கு கால்கள். திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்தக் காலுக்கு உள்ளே, முடுக்கிவிட்டால் மறைந்துபோகும் இடத்தில், அப்பா எழுத்துப் பஞ்சை வைத்துத் தம் பெயரின் முதல் எழுத்தை அடித்துவிடுவாராம். சூப்பர்வைசருக்குத் தெரியாது. காலைக் கழற்றினால்தான் தெரியும். ஜிக்கின் காலை யார் கழற்றப் போகிறார்கள்?

‘எத்தனை ஜிக்குல, அப்பா?’

‘எண்ணலை. நாப்பது அம்பது இருக்கும். பட்டறையை மூடினப்போ எல்லாத்தையும் வித்துட்டாங்க. எங்கெங்க ஓடுதோ.’ தட்டில் விரலால் ஏதோ கோடு போட்டார். ‘ஒண்ணுல மட்டும் ரெண்டு எழுத்து. 2003-ல செஞ்சது.’

நான் 20 ஆண்டுகளாக அவருடைய வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ‘ரெண்டாவது எழுத்து யாரோடது?’ என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் கை கழுவ எழுந்தார். 2003 அவர்களுக்குத் திருமணம் நடந்த ஆண்டு.

அடுப்படியிலிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். ‘ஏங்க, இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லையே’ என்றார்.